‘உண்மையைத்தானே எழுதினேன்?’

கேள்வி: நான் கற்பிட்டியில் கடற்றொழில் செய்கிறேன். சுமார் இரண்டு மாதங்களுக்கு முன், புத்தளம் நகரக் கடை ஒன்றில் பெயர்பெற்ற கம்பனியின் புது போன், ‘கம்பனி வாரண்டி’ உண்டு என்று சொல்லி 145,000 ரூபாவுக்கு விற்றார்கள். கூடவே திரைப்பட செயலி ஒன்றின் ‘ஒரு வருட அக்கவுண்ட்’ என்று 3,000 ரூபாவும் வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது வாரம் அக்கவுண்ட் நின்றுவிட்டது. பிறகு டிஸ்பிளேயில் கோடு விழுந்தது. வேறொரு திருத்துநர், டிஸ்பிளே முன்பே மாற்றப்பட்டிருக்கிறது என்றார். பெட்டியில் உள்ள ஐஎம்ஈஐ இலக்கமும் போனில் உள்ளதும் வேறு வேறு. கடைக்காரர் ‘கடலில் நனைத்துவிட்டீர்கள்’ என்று சொல்லி கையை விரித்துவிட்டார். கோபத்தில், கடைப் பலகையின் படத்தையும் உரிமையாளரின் படத்தையும் போட்டு ‘கள்ளக் கடை, போலி போன் விற்கும் கும்பல்’ என்று முகநூலில் எழுதினேன். நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். இப்போது ஐம்பது லட்சம் ரூபா நட்டஈடு கேட்டு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. ‘உண்மையைச் சொன்னவன் பயப்படத் தேவையில்லை, பதிவை நீக்காதே’ என்கிறார் மச்சான். நான் என்ன செய்ய வேண்டும்?

வாசகர், கற்பிட்டி

பதில்: உங்கள் மச்சான் சொல்வது இங்கிலாந்தில் சரி, இந்தியாவின் சிவில் அவதூறு வழக்குகளிலும் சரி. இலங்கையில் பாதிதான் சரி. நம்முடைய அவதூறுச் சட்டம் ரோமன் டச்சு வழியில் வந்தது. அதில் ‘சொன்னது உண்மை’ என்பது மட்டும் முழுமையான எதிர்வாதம் ஆகாது. சொன்னது உண்மை என்பதோடு, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்பதையும் பிரதிவாதி காட்ட வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்தரணிகளின் யூடியூப் காணொளிகளைப் பார்த்து நம்மவர்கள் சட்டம் பேசுவதில் உள்ள ஆபத்து இதுதான். மொழி ஒன்று, சட்டம் வேறு. அதேவேளை உங்களைப் பயமுறுத்தச் சொல்லப்படும் ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அவதூறுக்காக பொலிஸ் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்டனைச் சட்டக் கோவையிலிருந்து குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுத் தொடுக்கும் சிவில் வழக்கு மட்டுமே. கோரிக்கைக் கடிதம் என்பது வழக்கும் அல்ல. ஐம்பது லட்சம் என்பது எதிர்த்தரப்பு எழுதிய தொகை, நீதிமன்றம் விதித்ததல்ல.

பொது நன்மை என்ற பாதியில் உங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை நுரைச்சோலை, மாம்புரி என்று நீளும் ஊர்களில் பலரும் பெரிய சாமானுக்குப் புத்தளம் டவுனைத்தான் நாடுகிறார்கள். ஒரு கடை பழையதைப் புதியது என்று விற்றால், அதை அடுத்த வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பதில் பொது நன்மை இருக்கிறது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிடலாம். சிக்கல் மற்றப் பாதியில் இருக்கிறது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மைதானா என்ற கேள்வி அது. இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பலம் கோபத்தில் இல்லை, கையில் உள்ள தாள்களில் இருக்கிறது.

போனை எடுத்து *#06# என்று அழுத்துங்கள். பதினைந்து இலக்கம் கொண்ட எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். அவற்றைப் பெட்டியின் பின்புற ஸ்டிக்கரோடும், வாரண்டி அட்டையோடும், பற்றுச்சீட்டோடும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஐஎம்ஈஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தக் கருவி பதிவாகியிருக்கிறதா என்ற பதில் வரும். அந்தப் பதிலை அழிக்காதீர்கள். கடல் தண்ணீர் என்ற சாட்டு நம் கரையோரத்தில் எந்தக் கடைக்காரரின் நாவிலும் முதலில் வருவது. பல போன்களில் சிம் தட்டு நுழையும் துவாரத்துக்குள் ஈர அடையாள ஒட்டு ஒன்று இருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகும். உங்கள் போனில் அது வெள்ளையாக இருந்தால் அதையும் படம் எடுங்கள். சிவப்பாக இருந்தால் எனக்கு இப்போதே சொல்லிவிடுங்கள், எதிர்த்தரப்பு சொல்லி நான் கேட்கும் நிலை வரக்கூடாது. இனிமேல் எந்தத் திருத்துநரும் அந்தப் போனைத் திறக்கக் கூடாது. முதலில் திறந்து பார்த்தவரிடம் தான் கண்டதை எழுதி, திகதியிட்டு, ஒப்பமிட்டுத் தரக் கேளுங்கள்.

இனி, இந்தத் தாள்கள் எதை நிரூபிக்கின்றன? பெட்டி வேறொரு போனுடையது என்பதை நிரூபிக்கின்றன. விற்பனைக்கு முன்பே டிஸ்பிளே மாறியிருந்தது என்ற முடிவுக்குப் பக்கபலமாக நிற்கின்றன. ஆக ‘புதியது என்று சொல்லி விற்றார்கள், அது புதியதல்ல’ என்ற வாக்கியத்துக்கு நீங்கள் பொறுப்பேற்கலாம். ஆனால் போன் ‘போலி’ என்பதை எந்தத் தாளும் காட்டவில்லை. பாவித்த போனுக்கு வேறு டிஸ்பிளே போட்டு, வேறு பெட்டியில் அடைத்து விற்றாலும், அந்தப் போனை அதே கம்பனி செய்திருக்கக்கூடும். அது மோசடி விற்பனையாக இருக்கலாம், போலி உற்பத்தி ஆகாது. ‘கும்பல்’ என்று எழுதியதற்கோ உங்களிடம் ஒரு கடையும் ஓர் உரிமையாளரும் மட்டுமே இருக்கிறார்கள். ‘கள்ளக் கடை’ என்பதைக் கருத்து என்று வாதாடலாம். நியாயமான விமர்சனம் என்ற எதிர்வாதம் நம் சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த விமர்சனம் நிற்க, அடியில் உண்மையான விபரங்கள் சொல்லப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பதிவில் விபரம் ஒன்றுமில்லை, வசை மட்டும் இருக்கிறது. ஐஎம்ஈஐ இலக்கங்கள் இரண்டையும் அருகருகே போட்டு ‘என்னிடம் புதியது என்று விற்றார்கள், மாற்றித்தர மறுக்கிறார்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கடிதத்தை எழுத எந்தச் சட்டத்தரணியும் இருமுறை யோசித்திருப்பார்.

2025 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம் சான் நியூட்ரிஷன் என்ற நிறுவனத்தின் வழக்கில் இதே போக்கில்தான் முடிவெடுத்தது. அந்நிறுவனத்தின் புரத மாவை விமர்சித்த யூடியூபர்கள் மீது அவதூறு, வணிகக் குறி மீறல் என்று சொல்லி, காணொளிகளை இறக்க இடைக்காலத் தடை கேட்டார்கள். விமர்சித்தவர்கள் ஆய்வுகூட அறிக்கைகளைக் காட்டினார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. இந்தியத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனாலும் கடுமையாகப் பேசியவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய கடுமையல்ல, கையில் இருந்த அறிக்கை என்பதைக் கவனியுங்கள்.

‘பொய் சொல்லி விற்றவன் நிம்மதியாக இருக்க, ஏமாந்தவன் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அவரும் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்தான், உங்களைவிடக் கடுமையாக. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. பழையதைப் புதியது என்பது இதற்குள் நேராக வந்து விழுகிறது. 1896இலிருந்து நம்மிடம் இருக்கும் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், வர்ணனை சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. ‘விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது’ என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருந்தால் அதைப் பார்த்துச் சோர வேண்டாம். 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் வந்த பிறகு அப்படியான வரிகளுக்குப் பழைய வலு இல்லை. நீங்கள் பதிவில் போட்ட படத்தில் கடைப் பலகையில் கம்பனியின் சின்னம் தெரிகிறது, அதைப் பற்றி ஒரு வரி: ‘இந்தக் கம்பனியின் போன்கள் திருத்தப்படும்’ என்று யாரும் எழுதலாம், ஆனால் முகவர் அல்லாதவர் முகவர் போலத் தோன்றும்படி சின்னத்தைப் பெரிதாகப் போடுவது வேறு விடயம். சின்னத்தின் உரிமையாளர் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அதைப் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தப் பலகையை நம்பித்தான் ‘கம்பனி வாரண்டி’ என்ற பேச்சை ஏற்றேன் என்பதை, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குச் செய்யும் முறைப்பாட்டில் நீங்கள் எழுதலாம், எழுத வேண்டும்.

அக்கவுண்ட் விடயத்தில் உங்கள் நிலை சற்றுப் பலவீனமானது. பெரும்பாலான திரைப்பட, இசைச் சேவைகளில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது படத்தையல்ல, குறிப்பிட்ட காலத்துக்குப் பார்க்கும் அனுமதியை. அந்த அனுமதியைப் பிறருக்கு விற்க அவற்றின் நிபந்தனைகள் இடம் கொடுப்பதில்லை. ஒரே கணக்கைப் பலருக்குப் பிரித்து விற்பவர், தன்னிடம் இல்லாததை விற்கிறார். 2023இலிருந்து நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரு வீட்டுக்கு வெளியே கடவுச்சொல் பகிர்வதை இறுக்கத் தொடங்கின. இத்தகைய கணக்குகள் இடையில் நின்றுபோவதில் வியப்பில்லை. ஒரு வருடம் என்று காசு வாங்கி ஐந்து வாரம் கொடுத்தவர் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ‘ஒரு வருடத்துக்கு 3,000 என்றபோதே இது முறையான சந்தா அல்ல என்று தெரியாதா?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். தெரிந்தே வாங்கியவருக்கு நீதிமன்றம் அதிகம் இரங்காது. ஆகவே முறைப்பாட்டில் போனை முன்னால் வையுங்கள், அக்கவுண்டைக் கடைசியில் ஒரு பந்தியில் சொல்லுங்கள்.

உங்கள் பதிவுக்கு அடியில் வந்த பின்னூட்டங்கள்தான் எனக்கு அதிகம் கவலை தருகின்றன. நீங்கள் அனுப்பிய பிரதியில் சிலர் கடைக்காரரின் இனத்தையும் மதத்தையும் இழுத்து எழுதியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் இதைச் சிறு விடயமாக விட முடியாது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, 2019 மே 12ஆம் திகதி, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி முகநூலில் எழுதிய வரி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, ஊரடங்கு போடப்பட்டது, மறுநாள் நாடு முழுவதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன, அன்றே கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். அவதூறுக்கு பொலிஸ் வராது என்றேன். இன, மத வெறுப்பைத் தூண்டினால் வரும். ஐசிசிபிஆர் சட்டம் எனப்படும், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் கைதானவருக்கு மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட காரணம் இருந்தால்தான் பிணை கொடுக்கும். அந்த வரிகளை எழுதியவர் நீங்கள் அல்ல. ஆனால் நீக்கக்கூடியவர், தெரிந்தும் விட்டு வைத்தார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவற்றை ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டு இன்றே நீக்குங்கள். உரிமையாளரின் படத்தையும் எடுத்துவிடுங்கள். ஒருவரைத் தொல்லைப்படுத்தவென்று அவருடைய தனிப்பட்ட விபரங்களை வெளியிடுவதற்கு எதிரான ஏற்பாடு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு நிறையக் குறைகள் உண்டு, ஆனால் அது இன்று நடைமுறையில் இருக்கும் சட்டம்.

பதிவை நீக்கினால் தோற்றதாகாதா என்று மச்சான் கேட்பார். ஆகாது. பதிவே இல்லாமல் இருக்கச் சொல்லவும் இல்லை. ‘உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்ற வாசகத்தோடு கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதி, பழைய பதிவை எடுத்துவிட்டு, ஆதாரம் தாங்கக்கூடிய வாக்கியங்களை மட்டும் கொண்ட புதிய பதிவைப் போடலாம். மன்னிப்பு தேவையில்லை. ‘போலி’, ‘கும்பல்’ என்ற சொற்களை மீளப்பெறுகிறேன், விற்பனை பற்றிய என் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது என்றால் போதும். உடனே திருத்திக்கொண்டவருக்கு எதிராகப் பெரிய நட்டஈடு விதிக்க நீதிமன்றங்கள் தயங்கும். அதிகார சபைக்கு எழுதினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், முகநூலில் எழுதினால் நாளைக்கே கடைக்காரர் தேடி வருவார் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. உங்கள் விடயத்தில் தேடி வந்தது சட்டத்தரணியின் கடிதம். வேகத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. விசாரிக்கும் கடமையுள்ள அதிகார சபைக்கு நல்லெண்ணத்தோடு செய்யும் முறைப்பாட்டுக்கு அவதூறுச் சட்டத்தில் சிறப்புரிமைப் பாதுகாப்பு இருக்கிறது. முகநூலில் உங்களை மாட்டிவிட்ட அதே குற்றச்சாட்டை அங்கே துணிந்து எழுதலாம், வன்மம் இருந்ததாக எதிர்த்தரப்பு காட்டினால் ஒழிய. விசாரித்த பின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது. உங்களுக்கு மிஞ்சியிருப்பது சில வாரங்கள்தான். பற்றுச்சீட்டின் பிரதி, ஐஎம்ஈஐ படங்கள், 1909இன் பதில், திருத்துநரின் கடிதம் ஆகியவற்றை இணைத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பதிவுத் தபாலில் இந்த வாரமே அனுப்புங்கள். வழி தெரியாவிட்டால் 1977க்கு அழைத்துக் கேளுங்கள். கோரிக்கைக் கடிதத்தில் குறித்திருக்கும் திகதிக்கு முன் பதிலும் போக வேண்டும், அதை உங்கள் கையால் எழுதாமல் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு எழுதுவியுங்கள்.