முற்றத்துப் பக்கம் ஜன்னல் உள்ள வீடு

போலந்தின் கிராக்கோவ் நகரில், அதுவும் பழைய நகரத்தின் நடுவில், நாள் வாடகைக்கு வீடு எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் விசாரிக்கிறார்கள். வாடகை எவ்வளவு? பெரிய சதுக்கத்துக்கு எவ்வளவு தூரம்? இந்த இரண்டையும் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. படுக்கையறை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறதா, முற்றத்தைப் பார்த்திருக்கிறதா?

ரினெக் குவூவ்னி என்கிற அந்தப் பெரிய சதுக்கம் 1257-இல் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர். அதிலிருந்து பிரியும் தெருக்களில் உள்ள பழைய மாடி வீடுகள் தெருவில் முகம் குறுகியும் உள்ளே நீண்டும் போகும். பெரிய மரக்கதவைத் தள்ளினால் வளைவுக் கூரை போட்ட நடை, அதைக் கடந்தால் ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றிப் பின்கட்டு. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் ஒரே கதவு எண், ஆனால் இரவு வேறு வேறு. பழைய சுவர்கள் கனமானவை. பல வீடுகளில் ஏசி கிடையாது. அதனால் கோடையில் ஜன்னலைத் திறந்துவைத்தே தூங்க வேண்டும். தெருப் பக்கம் என்றால் மதுக்கூடங்களின் பேச்சும் பாட்டும் நள்ளிரவு தாண்டி மேலே ஏறி வரும். விடிவதற்குள் உணவகங்களுக்குச் சரக்கு இறக்கும் வண்டிகளும், காலிக் கண்ணாடி பாட்டில்களைக் கொட்டும் சத்தமும் தொடங்கிவிடும். பின்கட்டில் புறாக்கள் மட்டும்தான். ஒரு முறை முன்கட்டிலும் இன்னொரு முறை பின்கட்டிலும் தங்கிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சதுக்கத்தைப் பார்த்த ஜன்னலுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். சதுக்கத்தை நடந்து பார்க்கலாம், தூக்கத்தை அப்படி வாங்க முடியாது.

சதுக்கத்து மரியா தேவாலயக் கோபுரத்தில் மணிக்கொரு தடவை, இரவும் பகலும், தீயணைப்புப் படையினர் எக்காளம் ஊதுகிறார்கள். நான்கு திசைக்கும் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் மெட்டு பாதியில் சட்டென்று நின்றுவிடும். அது தூக்கத்தைக் கெடுக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எனக்கு அது ஒரு நாளும் தொல்லையாக இருந்ததில்லை. தொல்லை வெளிச்சம்தான். ஜூன் மாதத்தில் காலை நாலரைக்கே சூரியன் வந்துவிடும். கனத்த திரைச்சீலை இருக்கிறதா என்று வீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது படி. பழைய வீடுகள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. கூரை மிக உயரம் என்பதால் அங்கே மூன்றாம் மாடி என்பது நம் ஊர் அடுக்ககத்தில் நான்கு, ஐந்து மாடி ஏறுவதற்குச் சமம். மாடி எண்ணும் முறை நம்முடையதேதான்: தரைத்தளம், அதன்மேல் முதல் மாடி. உடன் வந்த அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்ததால் முதல் மாடிக்கு மேல் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். படிக்கட்டு விளக்கு தானாக அணைந்துவிடும் வகை. சுவரில் சின்னச் சிவப்புப் புள்ளியாக மின்னும் பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரியும், பிறகு இருட்டு. வயதானவர்களோடு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபடி அழுத்திவிட்டு ஏறுங்கள். படிகளின் நடுப்பகுதி கால்பட்டுக் கால்பட்டுக் குழிந்திருக்கும், கைப்பிடியை விடக் கூடாது.

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு பாட்டி இருந்தார். காய்கறிப் பையோடு ஒவ்வொரு படியாக ஏறிவருவார். எங்களைக் கண்டால் நின்று "ஜின் தோப்ரி" என்று வணக்கம் சொல்வார்.

"ஏண்டி, இவங்க தினமும் இந்தப் படியிலயா ஏறி இறங்குறாங்க?" என்று அம்மா கேட்டார்.

ஆமாம், அவருக்கு அது வீடு. நாள் வாடகை வீட்டில் தங்குகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஹோட்டலில் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் நம்மைப்போல வந்துபோகிறவர்கள். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் வேலைக்குப் போகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்பது போலந்து முழுக்கப் பொதுவான வழக்கம், வீட்டு விதித்தாளிலும் எழுதியிருக்கும். படிக்கட்டில் பேச்சு எதிரொலிக்கும். பெட்டியை உருட்டாமல் தூக்கிப் போங்கள். எதிர்ப்படுகிறவர்களுக்கு நாமே முதலில் ஒரு ஜின் தோப்ரி சொன்னால் அந்த வீட்டில் நமக்கு மரியாதையே வேறு.

குப்பையிலும் அப்படித்தான். முற்றத்தில் வண்ண வண்ணத் தொட்டிகள் நிற்கும். நீலம் காகிதத்துக்கு, பச்சை கண்ணாடிக்கு, மஞ்சள் பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும், பழுப்பு காய்கறிக் கழிவுக்கு, கறுப்பு மற்றதற்கு. பிரிக்காமல் போட்டால் கட்டடத்தில் இருப்பவர்கள் அனைவருக்கும் கட்டணம் ஏறக்கூடும், நாமோ ஊர் திரும்பியிருப்போம். அம்மா வாழைப்பழத் தோலோடு தயங்கி நின்றபோது அந்தப் பாட்டிதான் கையைப் பிடித்துப் பழுப்புத் தொட்டியைக் காட்டினார். 2025 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பான டின்னுக்கும் 50 க்ரோஷ் முன்பணம் சேர்த்து வாங்குகிறார்கள். உறையில் அதற்கான குறி இருந்தால் பாட்டிலை நசுக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளலாம். கிராக்கோவ் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் தண்ணீர் பாட்டில் வாங்கும் தேவையே அதிகம் வராது.

வீடு எடுப்பதன் முழுப் பயன் சமையலறையில்தான் இருக்கிறது. அடுப்பு பல வீடுகளில் இண்டக்‌ஷன். ஊரிலிருந்து அலுமினியக் குக்கரைச் சுமந்து போனால் அது சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், ஆனால் நம் மூன்று பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் தேவை. கடையில் அரிசி பெரும்பாலும் துளையிட்ட சின்னப் பைகளில், பைக்கு 100 கிராமாக வரும். பையோடு கொதிக்க வைப்பது அவர்கள் வழக்கம். நான் கத்தரியால் வெட்டி அரிசியை வெளியே எடுத்துக் குழைய வடித்தேன். 'யோகுர்ட் நதுரால்னி' என்று எழுதியிருப்பது சர்க்கரை சேர்க்காத தயிர், 'மஷ்லான்கா' மோர். ஊறுகாய் போடும் நாடு என்பதால் முழுக் கடுகு மசாலா அடுக்கில் கிடைக்கும், நம்முடையதைவிட வெளிறிய நிறத்தில். மைசூர்ப் பருப்பும் கிடைக்கும். ஆக, தயிர்சாதத்துக்கும் பருப்புக்கும் பஞ்சமில்லை. தாளிக்கும்போது மட்டும் புகைபோக்கியை ஓடவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகை உணர்கருவி அலறிவிடும். அங்கத்திய ஜன்னலின் கைப்பிடியைக் கிடையாகத் திருப்பினால் கதவுபோல உள்ளே திறக்கும், மேல்நோக்கித் திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். சட்டத்தை முழுக்க மூடிய நிலையில் வைத்துத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும்.

காய்கறிக்கு, பழைய நகரின் வடக்கே ஸ்டாரி க்ளெபாஷ் சந்தைக்குக் காலையில் போங்கள். முள்ளங்கி, பீட்ரூட், கட்டுக்கட்டாகச் சதகுப்பைக் கீரை. வெளியே சாப்பிடுவதானால், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி ருஸ்கியே சைவர்களுக்கு நல்லது. மேலே பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவித் தருவார்கள் என்பதால் "பெஸ் ஸ்க்வாரெக்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை இரவு போய் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். 2018-இல் வந்த சட்டத்தால் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். உரிமையாளரே நிற்கும் சிறு கடைகள் திறக்கலாம், ஜாப்கா என்ற சங்கிலிக் கடைகள் பல திறந்திருக்கும். பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கிவிடுவது நிம்மதி.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிராக்கோவில் 2019 செப்டம்பர் முதல் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை இருப்பதால், அறை மூலையில் நிற்கும் அழகான ஓடு பதித்த கணப்பு வெறும் அலங்காரம். ஆனால் சில பழைய வீடுகளின் குளியலறையில் வெந்நீருக்கு எரிவாயுக் கொதிகலன் இன்னும் இருக்கிறது. காற்றோட்டம் சரியில்லை என்றால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். மணமில்லை, நிறமில்லை, ஆள் மயங்கும்வரை தெரியாமலே போகலாம். குளிர்காற்று வருகிறதே என்று சுவரில் உள்ள காற்றுத் துளையைத் துணி வைத்து அடைக்கவே கூடாது. எரிவாயுக் கொதிகலனா, கார்பன் மோனாக்சைடு உணர்கருவி உண்டா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எவ்வளவு அழகான வீடானாலும் விட்டுவிடுங்கள். நான் ஒன்றை அப்படித்தான் விட்டேன். தலை சுற்றினால் ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், 112-ஐ அழைக்க வேண்டும்.

இடம் எது என்று கேட்டால், கோட்டைச் சுவர் இருந்த இடத்தில் வளையமாகச் சுற்றிவரும் பிளான்ட்டி பூங்காவுக்குச் சற்று வெளியே, க்ளெபாஷ் பக்கம் பார்க்கச் சொல்வேன். சந்தை பக்கம், டிராம் பக்கம், ரயில் நிலையமும் நடை தூரம். விமான நிலையத்திலிருந்து ரயில் இருபது நிமிடத்துக்குள் கொண்டுவந்து விடும். கிளம்பும் நாளில் காலையிலேயே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். விமானம் மாலையில் என்றால் வீட்டுச் சாவியைச் சாவிப்பெட்டிக்குள் போட்டதைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு, பெட்டிகளை ரயில் நிலைய லாக்கரில் பூட்டிவிட்டு, சந்தைக்கு இன்னொரு நடை போய்வரலாம்.