சுழலும் சக்கரமும் சூடேறும் பிரேக்கும்

கல்லும் சேறும் நிறைந்த மலைப்பாதையில் ஒரு ஜீப் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் பின்சக்கரங்களுள் ஒன்று குழிக்கு மேல் தொங்குகிறது. எஞ்சின் உறுமுகிறது; தொங்கும் சக்கரம் வேகமாகச் சுழல்கிறது; தரையைத் தொடும் சக்கரமோ அசையவில்லை. ஏன்?

இதற்குக் காரணம், அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பாகும். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிகத் தொலைவு உருள வேண்டும். ஆகவே இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இவ்வமைப்பு இடமளிக்கிறது. ஆனால் திருப்பு விசையை இரண்டிற்கும் சமமாகவே பகிர்கிறது. தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறிய திருப்பு விசை போதும்; மற்றச் சக்கரத்திற்கும் அச்சிறிய அளவே கிடைக்கிறது.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்னும் மின்னணு அமைப்பு இதற்கு ஒரு வழி காண்கிறது. வீணாகச் சுழலும் சக்கரத்தை உணர்ந்து, அதற்கு மட்டும் தானாகவே பிரேக் போடுகிறது. பிரேக் 1000 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையால் எதிர்த்தால், தரையிலுள்ள சக்கரத்திற்கும் அதே 1000 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். வண்டி நகர்ந்துவிடும்!

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். பிரேக் பிடித்த நிலையிலும் அச்சக்கரம் வினாடிக்கு 2 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். கோண வேகம் சுமார் 12.6 ரேடியன்/வினாடி. திறன் = 1000 × 12.6 = 12,600 வாட். பத்து வினாடியில் 1,26,000 ஜூல் ஆற்றல் அந்த ஒரே பிரேக்கில் வெப்பமாகிறது.

2000 கிலோகிராம் வண்டி மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, 2,25,000 ஜூல் இயக்க ஆற்றல் நான்கு பிரேக்குகளில் வெப்பமாகிறது. சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 56,250 ஜூல். மேற்கண்ட பத்து வினாடி உழைப்பு இதைப்போல் இரு மடங்குக்கும் மேல்!

பிரேக் வட்டு 8 கிலோகிராம் இரும்பு எனில், பத்து வினாடியில் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 34 டிகிரி உயரும். வெப்பம் வெளியேறாவிட்டால் ஒரு நிமிடத்தில் 200 டிகிரிக்கு மேல். ஊர்ந்து செல்லும் வண்டியில் குளிர்விக்கும் காற்றோட்டமும் குறைவு.

விளைவு என்ன? பிரேக் பேடு விரைந்து தேய்கிறது. இடையில் சிக்கும் மணல் அதை மேலும் அராவுகிறது. டிஃபரென்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் பெருஞ்சுமையுடன் வேகமாகச் சுழன்று தேய்கின்றன. சுழலும் சக்கரம் திடீரெனத் தரையைப் பற்றினால் அச்சுத் தண்டு அதிர்ச்சிக்கு உள்ளாகிறது.

இவற்றைவிட ஆபத்தானது ஒன்றுண்டு. டாட் 3 வகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 140 டிகிரியே. திரவம் கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி எளிதில் அமுங்கும். ஆகவே மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. ஏற்றத்தில் உழைத்துச் சூடான அதே பிரேக்தான் இறக்கத்தில் உயிர் காக்க வேண்டும் அல்லவா? இதனால்தான் பல வண்டிகளில், பிரேக் மிகச் சூடானால் இவ்வமைப்பு தானே ஓய்வெடுத்துக்கொள்கிறது.

இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் டிஃபரென்ஷியல் பூட்டு இன்னொரு வழி. இதில் பிரேக்கிற்கு வேலையில்லை, வெப்பமும் இல்லை. ஆனால் கெட்டியான சாலையில் பூட்டியபடி திரும்பினால் டயர் தேயும், தண்டுகள் முறுக்குண்ணும்.

எனவே மென்மையாக முடுக்குவதும், ஏற்ற வழியை முன்கூட்டியே தேர்வதும், நீண்ட ஏற்றத்திற்குப் பின் பிரேக் ஆறும்வரை காத்திருப்பதும் நல்ல ஓட்டுநரின் இலக்கணம். மின்னணு மூளை எவ்வளவு விரைவாகச் சிந்தித்தாலும், ஆற்றல் அழியா விதியை அதனால் மீற முடியாது.

மாணவர்களே, சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்று மட்டும் சுழன்றால் வெப்பம் எவ்வளவு என நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.