கடைசி நாளைக் காலியாக விடு

போர்ட் பிளேர்

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய பயணத்திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். ஐந்து நாளில் நான்கு தீவு. போதாததற்கு, ஊர் திரும்புகிற அன்று விடியற்காலை ஹேவ்லாக்கில் ஸ்கூபா, அங்கிருந்து கப்பலில் இங்கே வந்து பிற்பகல் விமானம். இது கூடவே கூடாதம்மா.

ஆழத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் கரைகிறது. மேலே வந்தபின் அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், காற்றழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உள்ளே குமிழ் கட்டும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரைக்கும் போகலாம். ஒரு தடவை இறங்கினால் 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 மணி நேரமாவது பறக்கக் கூடாது. முழுசாக ஒரு நாளை விட்டுவிடு என்பேன் நான். அதனால் வந்ததும் நேரே ஹேவ்லாக் போய்விடு. 2018-இல் அதற்கு சுவராஜ் தீப் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் அப்படி இருந்தால் குழம்பாதே.

நம் தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் மூச்சை அடக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்தப் பழக்கத்தை இங்கே மறந்துவிடு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது நுரையீரலுக்குள் இருமடங்காக விரியும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சரிசெய். வலிக்கிற வரை காத்திருக்காதே. சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். கட்டிய பணம் போகிறதே என்று நான் ஒரு தடவை சளியோடு இறங்கி, ஒரு மாதம் காதுவலியில் கிடந்தேன். இளைப்பு இருந்ததா என்று படிவத்தில் கேட்பார்கள். சின்ன வயதில் உனக்கு இருந்ததை மறைக்காமல் எழுது; டாக்டரிடமும் முன்பே கேட்டுக்கொள்.

இன்னொன்று, என் மனசுக்கு நெருக்கமானது. 2010 கோடையில் கடல் சூடேறி, இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பவளத்துக்கு நிறமும் சோறும் தருகிற நுண்பாசியை அதுவே வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சுவது வெள்ளை எலும்பு. அந்த வெள்ளையைத் தண்ணீருக்குள் நின்று பார்த்தவன் நான். பிழைத்தது கொஞ்சம், புதிதாகத் துளிர்த்தது கொஞ்சம். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. உன் காலில் மாட்டிய துடுப்பு தட்டி உடைவது இருபது வருஷ வளர்ச்சியாக இருக்கும். படம் எடுக்கிற அவசரத்தில் அதன்மேல் காலூன்றாதே. கரையில் கிடக்கிற பவளத்துண்டையும் எடுக்காதே, சட்டப்படி குற்றம்.

முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால்கூட நனைக்காதே. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அந்தி பார்க்கப் போனால் நாலு மணிக்கே போய் உட்கார். டிசம்பரில் இங்கே ஐந்து மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும்.

நான்கு தீவு வேண்டாம். ஹேவ்லாக்கில் மூன்று இரவு இரு. கடைசி நாளுக்கு நம் வீட்டுக்கு வந்துவிடு. காலையில் செல்லுலார் சிறைக்குக் கூட்டிப்போகிறேன். மத்தியானம் அத்தை சூரைமீன் குழம்பு வைப்பாள்.

டிக்கெட்டை மாற்றியதும் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா