சண்டேசருக்குத் தந்தையான சிவபெருமான்

இறைவனைத் தந்தையாகக் காணும் வழக்கம் வேத காலந்தொட்டு வருவது. இருக்கு வேதத்தின் முதற் சூக்தத்திலுள்ள 9ஆவது மந்திரம், மகனுக்குத் தந்தைபோல எளிதில் அணுகத்தக்கவனாக இருக்கும்படி அக்கினியை வேண்டுகின்றது. உருத்திரரும் அவ்வேதத்திலே மருத்துக்களின் தந்தையாகப் போற்றப்படுகின்றார். திருமுறைகளில் அப்பன், அத்தன், எந்தை என்னும் அழைப்புகள் நிறைந்துள்ளன. பிறப்பிலியாகிய பெருமான் தானே ஒருவருக்குத் தந்தையான வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே விரித்துரைத்துள்ளார்.

சேய்ஞலூரில் எச்சதத்தன் என்னும் அந்தணருக்கு மகனாகப் பிறந்தவர் விசாரசருமர். ஆயன் ஒருவன் பசுவை அடிக்கக் கண்டு மனம் பொறாது, நிரை மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார். பசுக்கள் தாமாகவே பால் சொரிந்தன. மண்ணியாற்றங்கரையில் ஆத்திமர நிழலில் மணலால் இலிங்கம் அமைத்து அப்பாலை அபிஷேகம் செய்தார். ஊரார் முறையிட்டதனால் எச்சதத்தன் மறைந்திருந்து பார்த்தார். வெகுண்டு மகனைக் கோலால் அடித்தார். மகனோ பூசையில் ஒன்றியிருந்தமையால் அதனை உணரவில்லை. பின்னர் பாற்குடத்தைக் காலால் இடறிச் சிந்தவே, அருகே கிடந்த கோலை எடுத்தார். அது மழுவாகித் தந்தையின் கால்களைத் துணித்தது.

பெற்ற தந்தையை வெட்டுதல் மாபாதகம் அன்றோ? பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லத் தயங்கும் பெற்றோர் இன்றும் உளர். அத்தயக்கம் நியாயமானதே. ஆயின் அங்கே வெட்டுண்டது சினத்தினால் அன்று. பூசைக்கு நேர்ந்த இடையூறு நீங்கவே. அரனிடத்து அன்புடையார் செய்யும் பாவமும் அறமாகும் என்பதற்குச் சிவஞானசித்தியார் இதனையே சான்றாகக் காட்டும். உமையம்மையாருடன் இடபத்தின்மேல் தோன்றிய பெருமான், இனி உனக்குத் தந்தை நாமே என்று அணைத்துக்கொண்டார். பலரும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு: எச்சதத்தனும் குற்றம் நீங்கிச் சுற்றத்துடன் சிவலோகம் அடைந்தார். மகனை ஏற்ற பெருமான் அவரைப் பெற்றவரைக் கைவிடவில்லை.

முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரக் கோயிலில் இக்காட்சி பெரிய சிற்பமாக உள்ளது. சண்டேசர் கைகூப்பித் தலைதாழ்த்திக் கீழே அமர்ந்திருக்க, அம்மையுடன் வீற்றிருக்கும் பெருமான் கொன்றை மாலையை அவர் முடியிலே சுற்றுகின்றார். அரசனுக்கே இறைவன் முடிசூட்டும் குறிப்பு அதிலுண்டு எனக் கருதும் அறிஞரும் உளர். ஆனால் அக்கைகளின் பரிவைப் பார்ப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது, பிள்ளைக்குத் தலை சீவிவிடும் தகப்பனே.

இறைவன் உண்ட அமுதும் உடுத்த ஆடையும் சூடிய மாலையும் அன்றுமுதல் சண்டேசருக்கு உரியவையாயின. சிவாலயங்களில் கோமுகைக்கு அருகே, தந்தையின் பக்கத்திலேயே அவருக்குச் சந்நிதி அமைந்துள்ளது. அங்கே மெல்லக் கைதட்டித் தரிசனப் பயனை வேண்டுவது வழக்கம். ஆடையிலிருந்து நூலைப் பிய்த்து அவர்மேல் போடுவது மட்டும் எந்த முறையிலும் சேராதது.