கேளாத தட்டுகளின் அலமாரி

இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்க்கும் வழக்கம் உள்ளவர்கள், ஆயுளில் ஒரு தடவையாவது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. எல்.பி. என்று சொல்லப்படும் பெரிய தட்டு, இரு பக்கமும் சேர்ந்து சுமார் 40 நிமிஷம் பாடும். ஆகவே 600 தட்டுகளை உடைய ஒருவர், நாள்தோறும் தவறாமல் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கேட்டதை மறுபடி கேளாமலும், புதிதாக ஒன்றையும் வாங்காமலும் இருந்தாரானால், அவற்றைக் கேட்டு முடிக்க ஒரு வருஷத்திற்கு மேல் செல்லும். வாங்காமலிருப்பது என்ற நிபந்தனையிலேயே இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. பிரேசில் தேசத்துச் சாவோ பாவ்லோ நகரில் ஸீரோ ஃப்ரெய்டாஸ் என்ற பேருந்து முதலாளி பல லட்சக்கணக்கான தட்டுகளைக் கிடங்கில் நிரப்பி வைத்திருக்கிறார். அதில் 10 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், இரவு பகல் உறங்காமல் கேட்க 76 ஆண்டுகள் பிடிக்கும். அவரை நினைக்கும்போதெல்லாம் என் அலமாரி எனக்கு மிக அடக்கமான ஒன்றாகத் தோன்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிராமபோன் காலத்து அரக்குத் தட்டுகளின் கணக்கு வேறு விதமானது. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷமே பாடுமாதலால், 1,000 தட்டுகளைக் கேட்க 100 மணி நேரம் போதும். ஆனால் பக்கத்திற்கு ஓர் எஃகு ஊசி மாற்ற வேண்டும் என்பது அக்காலத்து விதி. 200 ஊசிகள் அடங்கிய தகர டப்பிகள் பத்துத் தீர்ந்துபோகும். அத்தனை தடவையும் எழுந்து, சாவி கொடுத்து, ஊசியைத் திருகி வைக்க வேண்டும். தட்டின் கலவையிலேயே கல்தூளைச் சேர்த்திருப்பார்கள். அது ஊசிமுனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்திற்குக் கொண்டுவரும், ஊசியும் தன் பங்கிற்குப் பள்ளத்தைத் தேய்த்துவிடும். கேட்கக் கேட்கக் குரல் கரைந்துபோவதால், கேளாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று வாதிக்கும் சேகரிப்பாளர்களும் உண்டு. அந்த வாதத்தை நானும் வீட்டில் உபயோகித்திருக்கிறேன். “இதையெல்லாம் எப்போதான் கேட்கப் போறீங்க?” என்று மனைவி கேட்ட சமயத்தில் அது சற்றும் உதவவில்லை.

ஆயினும் அந்த மூன்று நிமிஷத் தட்டு நம் முன்னோருக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி ஞானம் அலட்சியம் செய்யத் தக்கதன்று. மணிக்கணக்கில் தோடியை வாசிக்கக்கூடியவர் என்று பேர்பெற்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, சில நிமிஷங்களுக்குள் அதே தோடியைச் சுருக்கிக் கொடுத்தார். முசிரி சுப்பிரமணிய ஐயரின் ‘நகுமோமு’வும், ஜி.என்.பி.யின் ‘வாசுதேவயனி’யும் அந்தச் சிறிய அளவிற்குள் அடங்கியே ஊர் ஊராகப் பரவின. வீட்டில் பத்துத் தட்டுகளே இருந்த மனிதர், அந்தப் பத்தையும் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டு, எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் பிடில் ஒதுங்கி நிற்கிறது என்பது வரையில் மனப்பாடமாக அறிந்திருந்தார். நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் நாமோ ஒவ்வொன்றையும் ஒரு தடவை கேட்டு, அட்டையைப் பார்த்து மகிழ்ந்து, அலமாரியில் செருகிவிடுகிறோம். எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும் என்ற ஆசையை விட்டபிறகுதான் எனக்குக் கேட்பதில் சுகம் திரும்பியது. கேளாமல் நிற்கும் தட்டுகளைவிட, ஒரே தடவை கேட்டு மறந்துபோன தட்டுகளே பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

இதை மனத்தில் கொண்டு நான் அநுசரித்துவரும் முறை எளிது. கேளாத தட்டுகளுக்கென்று அலமாரியில் பிரத்தியேகமாக ஓர் அடுக்கை ஒதுக்கியிருக்கிறேன். அது நிரம்பியிருக்கும் வரையில் கடைப்பக்கம் போவதில்லை. புதிதாக வந்த தட்டை வந்த அன்றே, ஒரு பக்கம் மட்டும், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேட்பேன். மறுநாளும் அதே பக்கத்தையே கேட்பேன். இரண்டாம் பக்கம் அதற்குப் பிறகுதான். பத்திரிகை படித்துக்கொண்டே கேட்டதை நான் கேட்டதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. சமையலறையில் ரசம் கொதிக்கும்போது ஓடிய தட்டையும் சேர்ப்பதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் கருத்து வேற்றுமை இருக்கிறது.

சேகரம் அளவு கடந்து பெருகுவது பெரும்பாலும் மொத்தக் கொள்முதலால்தான். 1985-ல் தீப்பிடித்து அழிவதற்கு முன் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களுக்கு நடுவே தட்டுகளும் குவிந்து கிடக்கும். பொறுக்கி எடுக்கலாமென்று குனிந்தால், “சார், தனியாக் குடுத்தா எனக்குக் கட்டாது, மொத்தமா எடுத்துக்குங்க” என்று வியாபாரி கயிற்றைத் தேடத் தொடங்கிவிடுவார். அப்படிக் கட்டிய கட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் ஒன்று இருந்தே தீரும். 1963-ல் வெளிவந்த அந்த எல்.பி. நுழையாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ‘திருவிளையாடல்’ கதை வசனமும் கூடவே வரும். நாம் விரும்பிய தட்டு அந்தக் கட்டில் ஒன்றோ இரண்டோதான். ஆகையால் தனித்தட்டுக்கு அவர் இரு மடங்கு விலை சொன்னாலும் கொடுத்துவிட்டு வருவதே சிக்கனம். விலையில் மிச்சம் பிடித்ததை இடத்தில் இழந்துவிடுவோம்.

இடம் என்றேன். அட்டையோடு கூடிய 100 எல்.பி.க்கள் ஏறக்குறைய 25 கிலோ, சில சமயம் 30 கிலோ கனக்கும். புத்தகத்திற்குச் செய்த மெல்லிய பலகை சில மாதங்களில் நடுவே தொய்ந்துவிடும். தட்டுகளை நேராக நிறுத்தி வைக்க வேண்டும். சாய்த்தால் வளையும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலிருக்கும் அரக்குத் தட்டு விரிசல் விடும். சென்னை வெயிலில் காரின் பின்னிருக்கையில் விட்டு வந்த எல்.பி. அப்பளம்போல் நெளிந்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சணமும், எல்லாக் காலத்திலும் இராமபாணப் பூச்சியும் அட்டைகளைத் தேடி வரும். துடைப்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும்: அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் பொருள். தச்சர்கள் நாற்காலிக்குப் பூசும் பாலிஷ் அதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதுதான். ஆகவே பழைய தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. லேபிள் நனையாமல், சிறிது சோப்புக் கலந்த நீரில் துணியை முக்கிப் பிழிந்து துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி.யின் ஊசி அதற்கு ஒவ்வாது, தனி ஊசி வாங்க வேண்டும். கிராமபோனின் எஃகு ஊசியை எல்.பி.யின்மேல் வைத்துவிட்டாலோ, ஒரே தடவையில் அத்தட்டு பாழாகும்.

கேட்பதற்கன்றிக் காப்பதற்கென்றே வைத்திருக்க வேண்டிய சில தட்டுகளும் உண்டு. 1933-ல் இளவயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் நம்மை வந்தடைந்திருப்பது அரக்குத் தட்டுகளின் மூலமாகத்தான். 1951-ல் காலமான என்.சி. வசந்தகோகிலத்தின் குரலும் பெரும்பாலும் அவ்வாறே. இப்படிப்பட்டவற்றை நல்ல ஊசியால் ஒரு முறை ஓட்டி, கணினியில் பதிவு செய்துகொண்டு, அந்தப் பிரதியை வேண்டியபோதெல்லாம் கேட்கலாம். லேபிளில் உள்ள எண்ணையும், ஓரத்தில் பொறித்திருக்கும் எழுத்துக்களையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது பிற்காலத்தில் ஆராய்கிறவர்களுக்குப் பெரிய உபகாரம். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார் இத்தகைய விவரங்களைத் தொகுத்து அச்சிட்டே பல குழப்பங்களைத் தீர்த்திருக்கிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு பத்தியும் வேண்டும்: எனக்குப் பின் இது யாருக்கு என்பது. கோட்டையூர் ரோஜா முத்தையா தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை விட்டுச்சென்றபின் அவை சிதறாமல் சென்னையில் ஒரு நூலகமாக நிலைபெற்றன. எல்லாருக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை, பழைய பேப்பர்க்காரர் எடைபோட்டு எடுத்துச் செல்வதே வழக்கம். ஆகவே ஒவ்வொரு தட்டிற்கும் நேரே, அதை உண்மையில் கேட்கக்கூடிய ஒருவரின் பெயரை எழுதிவருகிறேன். சிலவற்றை இப்போதே கொடுத்தும் விட்டேன். ராஜரத்தினத்திற்குப் போட்டியே இருக்கிறது. சுப்ரபாதங்களுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. யார் வீட்டில் விசாரித்தாலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்கிறார்கள்.