பேறுகால நாள் கணிப்பும் மீயொலி அளவீட்டின் துல்லியமும்

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றுள் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இந்தியாவில் பிறந்தவை. 37 வாரங்கள் நிறைவடையுமுன் நிகழும் பிரசவமே குறைமாதப் பிரசவம் எனப்படுகிறது. எனவே இப்புள்ளிவிவரம் ஒவ்வொரு கர்ப்பத்தின் வயதும் எத்துணைச் சரியாகக் கணிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது. சிகிச்சை, பேறுகால விடுப்பு, நலத்திட்ட உதவி ஆகிய அனைத்திற்கும் இக்கணிப்பே அடிப்படையாகும். அதன் துல்லியத்தை நிர்ணயிக்கும் காரணங்களுள் தலையாயது, அளவீடு எந்த வாரத்தில் செய்யப்படுகிறது என்பதே.

நாட்காட்டி வழிக் கணக்கு

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள், எனக் கணக்கிடுவது நெடுநாளைய வழக்கம். ஜெர்மானிய மகப்பேற்று மருத்துவர் நேகெலேயின் பெயரால் வழங்கும் விதியின்படி, அந்நாளுடன் 7 நாட்களைக் கூட்டி, மூன்று மாதங்களைக் கழித்து, அடுத்த ஆண்டிற்குக் கொண்டு செல்ல வேண்டும். சான்றாக, ஜனவரி 1ஆம் நாள் மாதவிலக்கு ஏற்பட்டிருந்தால், எதிர்பார்க்கும் பிரசவ நாள் அக்டோபர் 8 ஆகும்.

இவ்விதி இரண்டு எடுகோள்களைக் கொண்டது. மாதவிலக்குச் சுற்று 28 நாட்கள் என்பது ஒன்று. 14ஆம் நாளையொட்டிக் கருமுட்டை வெளிப்படுகிறது என்பது மற்றொன்று. 35 நாள் சுற்று உடைய பெண்ணுக்குக் கருமுட்டை ஏறத்தாழ ஒரு வாரம் பிந்தியே வெளிப்படுவதால், கணக்கிட்ட நாளும் ஒரு வாரம் முந்திவிடும். நாள் நினைவில் இல்லாதபோது, அது எந்தப் பண்டிகையை ஒட்டி வந்தது என்று செவிலியர் கேட்டறிவதுண்டு. இம்முறை பயனுடையதே எனினும், இதில் சில நாட்கள் முன்பின் ஆவது இயல்பு. முதற் குழந்தைக்குத் தாய்ப்பாலூட்டும் காலத்தில், மாதவிலக்கு மீண்டும் தொடங்குமுன்னரே கருவுறும் பெண்களுக்குக் கணக்கைத் தொடங்க ஒரு நாளே கிடைப்பதில்லை.

மீயொலிச் சோதனை அளப்பது எதனை?

‘ஸ்கேன்’ எனப் பொதுவாக வழங்கும் மீயொலிச் சோதனை மகப்பேற்று மருத்துவத்தில் இடம்பெற வழிகோலியவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய இயான் டொனால்டு ஆவார். அவருடைய குழுவின் ஆய்வுக் கட்டுரை 1958இல் வெளிவந்தது. 1973இல் அதே நகரின் ராபின்சன், கருவின் உச்சி முதல் பிட்டம் வரையிலான நீளத்தைக் கொண்டு அதன் வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்.

இக்கருவி கருவின் வயதை நேராக அளப்பதில்லை என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். ஒலியலைகள் உடலினுட் சென்று எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு அது காட்டுவது மில்லிமீட்டரில் அமைந்த நீளம் மட்டுமே. அந்நீளம், முன்னரே பல கர்ப்பங்களை அளந்து தயாரித்த அட்டவணையுடன் ஒப்பிடப்பட்டு, வாரக் கணக்காக மாற்றப்படுகிறது. ஆகவே, ஒரே அளவுடைய கருக்கள் ஒரே வயதினவாக இருக்கும் வரையில்தான் இக்கணிப்பு சரியாக இருக்கும்.

முதல் மூன்று மாதங்களில் இந்நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறுகிறது. 7ஆம் வாரத்தில் சுமார் 1 சென்டிமீட்டர் நீளமுள்ள கரு, 12ஆம் வாரத்தில் ஏறத்தாழ 5½ சென்டிமீட்டராக வளர்கிறது. இவ்வளர்ச்சி விரைவானது, கருவுக்குக் கரு அதிகம் வேறுபடாதது. பின்னர் தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியன அளக்கப்படுகின்றன. அப்போது மரபு, தாயின் ஊட்டநிலை, இரத்த அழுத்தம், நீரிழிவு, நச்சுக்கொடியின் செயல்திறன் ஆகியவை வளர்ச்சியைப் பாதிக்கத் தொடங்கிவிடுகின்றன. சிறிய குழந்தை வயதிற் குறைந்ததா, வளர்ச்சியிற் குன்றியதா என்பதை ஒரே அளவீட்டைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

ஏற்கத்தக்க வேறுபாடு

மாதவிலக்குக் கணக்கிற்கும் ஸ்கேன் கணக்கிற்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருந்தால் நாளை மாற்றலாம் என்பதற்கு மருத்துவத் துறை வரையறைகள் வகுத்துள்ளது. பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் வரையறைப்படி, கீழ்க்கண்ட அளவை மிஞ்சினால் மட்டுமே நாள் மாற்றப்பட வேண்டும்:

9 வாரம் நிறைவடையுமுன் – 5 நாட்கள்
9 முதல் 16 வாரம் நிறைவடையும் வரை – 7 நாட்கள்
16 முதல் 22 வாரம் நிறைவடையும் வரை – 10 நாட்கள்
22 முதல் 28 வாரம் நிறைவடையும் வரை – 14 நாட்கள்
28 வாரமும் அதற்கு மேலும் – 21 நாட்கள்

முற்கூறிய சான்றையே மீண்டும் நோக்கலாம். மார்ச் 26ஆம் நாள் அப்பெண்ணுக்கு 12 வாரம் நிறைவடைகிறது. அன்றைய ஸ்கேன் 11 வாரம் 4 நாள் எனக் காட்டினால் வேறுபாடு 3 நாட்களே. அக்டோபர் 8 என்ற நாள் உறுதிப்படுகிறது. ஆகஸ்ட் 13ஆம் நாள், 32ஆம் வார நிறைவில், மற்றொரு ஸ்கேன் 29 வாரம் எனக் காட்டுவதாகக் கொள்வோம். நாள் முன்னரே உறுதியாகிவிட்டதால், கர்ப்பத்தின் வயது குறைந்துவிட்டதாக இதற்குப் பொருளில்லை. குழந்தையின் வளர்ச்சி குன்றியிருக்கக்கூடும் என்பதே பொருள். அவ்வாறன்றி, அட்டையில் பிரசவ நாள் அக்டோபர் 29 என மாற்றி எழுதப்படுமாயின், உடனடிக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தை ‘இயல்பானது’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். ஆகவே, முதல் ஸ்கேனில் உறுதியான நாளைப் பின்னைய ஸ்கேன்களைக் கொண்டு திருத்தலாகாது.

சரியாகக் கணிக்கப்பட்ட நாளும் ஒரு நடுமதிப்பே. அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். கடைசி மாதங்களில் ஸ்கேன் தரும் எடை மதிப்பீட்டிலும் 15 சதவீதம் வரை வேறுபாடு காணப்படுவதுண்டு. 3 கிலோ என மதிப்பிடப்பட்ட குழந்தை 2.55 கிலோவாகவும் இருக்கலாம், 3.45 கிலோவாகவும் இருக்கலாம்.

சிகிச்சையில் விளையும் வேற்றுமை

குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்மார்களுக்கு, குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் இச்சிகிச்சையை விரிவுபடுத்தி நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2015இல் வெளியாயிற்று. மருந்து பெற்ற தாய்மார்களுட் பெரும்பாலோர் நிறைமாதத்தையொட்டியே குழந்தை பெற்றனர். ஆய்வுப் பகுதிகளில் மொத்தச் சிசு மரணம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடைபெற்றது. அதில் கர்ப்ப வயது ஸ்கேன் மூலம் உறுதி செய்யப்பட்டு, 26 முதல் 34 வாரத்திற்குட்பட்டோருக்கு மட்டுமே மருந்து தரப்பட்டது. பச்சிளங்குழந்தை மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது. இவ்விரு ஆய்வுகளும் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவையே. எனினும், கர்ப்ப வயது உறுதியாகத் தெரிந்த இடத்தில்தான் இம்மருந்தைச் சரியான காலத்தில் தர இயலும் என்பது இவற்றால் தெளிவாகிறது.

சட்டத்திலும் இக்கணிப்பு இடம்பெறுகிறது. மகப்பேறு நலன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. அதில் 8 வாரங்களுக்கு மேற்படாத பகுதியை எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முன் எடுக்கலாம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 20, 24 வாரங்கள் என எல்லைகளை வகுத்துள்ளது. இத்தகைய எல்லைகளில் ஒரு வாரப் பிழையும் ஒரு பெண்ணின் உரிமையைப் பாதிக்கக்கூடும்.

இந்தியச் சூழ்நிலை

நம் நாட்டில் வழங்கும் அட்டவணைகளிற் பல மேலைநாட்டுப் பெண்களை அளந்து பெறப்பட்டவை. இக்குறையை நீக்கும் நோக்கில், ஹரியானாவின் குருகிராம் பொது மருத்துவமனையில் ‘கர்பினி’ என்னும் தொடர் ஆய்வு உயிர் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் நடத்தப்பட்டு வந்தது. அதன் தரவுகளைக் கொண்டு, ஃபரீதாபாத் உயிரியல் ஆய்வு நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து, மூன்றாம் மாதத்திற்குப் பிற்பட்ட கர்ப்பங்களின் வயதைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை உருவாக்கி 2024இல் வெளியிட்டன. பிந்திப் பதிவு செய்யும் தாய்மார்களுக்கு இது உதவக்கூடியது. எனினும் எந்தச் சூத்திரமும் முதற் காலாண்டு அளவீட்டிற்கு ஈடாகாது.

முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்கு வந்த தாய்மார்களின் விகிதம் நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 58.6 சதவீதமாக இருந்து, 2019–21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் 70 சதவீதமாக உயர்ந்துள்ளது. எஞ்சிய 30 சதவீதத்தினருக்கு முதற் காலாண்டு ஸ்கேனுக்குரிய வாய்ப்பு ஏற்கெனவே கடந்துவிட்டது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மை இயக்கம் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் பரிசோதனை வசதி அளிக்கிறது. ஆயினும் அது நான்காம் மாதம் முதற்கொண்டே தாய்மார்களை நோக்கி அமைந்தது. 24 வாரத்திற்கு முன் ஒரு ஸ்கேன் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரையாகும். கருவின் பாலினத்தை அறிவதையும் அறிவிப்பதையும் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற நிலையங்களிலேயே ஸ்கேன் நடைபெற வேண்டும் என்பதால், கிராமப்புறத் தாய்மார்களை உரிய வாரத்தில் அங்கு அனுப்புவதற்கு முன்கூட்டிய ஏற்பாடு தேவை.

செய்ய வேண்டியவை

ஆஷா பணியாளர்களிடம் உள்ள கர்ப்பச் சோதனை அட்டையைப் பயன்படுத்திக் கர்ப்பத்தை விரைவில் உறுதி செய்து, அன்றே மாதவிலக்கு நாளைக் குறிக்க வேண்டும். 14 வாரம் நிறைவடையுமுன் முதல் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். முடிவாகிய பிரசவ நாளையும், அது எந்த வாரத்தில் எம்முறையில் கணிக்கப்பட்டது என்பதையும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் பதிய வேண்டும். மாவட்ட அளவில் குறைமாதப் பிரசவங்களைத் தொகுக்கும் அலுவலர்கள், முற்பகுதி ஸ்கேனால் நாள் உறுதியானவற்றைத் தனியே பிரித்துக் காட்டுவது நலம். அவ்வாறு பிரித்துக் காட்டாதவரை, ஒரு மாவட்டத்தில் குறைமாதப் பிரசவம் உண்மையிலேயே குறைந்ததா, கணக்கு மட்டும் மாறியதா என்பதைத் திட்டமிடுவோரால் அறிய இயலாது.