வார்டுக்குப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுவது. அடுத்த வாரம் உனக்கு ஹவுஸ் சர்ஜன் டியூட்டி தொடங்குகிறது என்று உன் அப்பா சொன்னான். மனசு நிறைந்துபோனது. போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய்: "மருத்துவ அறத்தின் நான்கு கொள்கைகளையும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டில் அதெல்லாம் உதவுமா அத்தை? நல்ல மனசும் தெய்வ பயமும் இருந்தால் போதாதா?" வார்டிலேயே தலை நரைத்த நர்ஸ் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

நல்ல மனசு மட்டும் போதாது கண்ணு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு ஊர். அங்கே 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை அரசு சுகாதாரத் துறை சிகிச்சை தராமலே கவனித்து வந்தது. நோய் முற்றினால் உடம்பு என்னவாகும் என்று அறிவதுதான் நோக்கம். என்ன நோய் என்றுகூடச் சொல்லவில்லை. "ரத்தம் கெட்டிருக்கிறது" என்றார்கள். 1940-களில் பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த ஆய்வில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். அவரும் கறுப்பினப் பெண். நோயாளிகளை வீடு தேடிப் போய் விசாரிப்பார், பரிசோதனைக்குக் காரில் அழைத்து வருவார். அவர்மேல் அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவர்களை அந்த ஆய்விலேயே கட்டிப்போட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். அங்கே பரிவு இருந்தது, உழைப்பு இருந்தது, உண்மை இல்லை. பலருக்கு நன்மை என்றால் சிலர் கஷ்டப்படலாம் என்று கணக்குப் போடுகிற இடத்தில், எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே என்ற தத்துவ அறிஞர் கான்ட்டின் வாதம் குறுக்கே வந்து நிற்க வேண்டும். 1972-ல் பத்திரிகைகள் இதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் அமெரிக்காவில் ஆய்வு நெறிகளுக்குச் சட்டமும், 1979-ல் பெல்மாண்ட் அறிக்கையும் வந்தன. நீ ஒப்பிக்கிற தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கையும் முன்வைத்த பீச்சம், சில்ட்ரஸ் இருவரின் நூல் வெளியானதும் அதே ஆண்டில்தான். உன் பரிவு யாருக்கு உதவுகிறது என்று உன்னையே கேட்டுக்கொள்ள வைப்பதற்குத்தான் அந்தக் கொள்கைகள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு நீ வெளியே வந்ததும் மகன் உன்னை ஓரமாக அழைப்பான். "டாக்டரம்மா, அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க. அல்சர்னு சொல்லிடுங்க. தாங்கமாட்டாரு." கண் கலங்கியிருக்கும். அன்பினால்தான் கேட்கிறான், அவனை அதட்டாதே. உடனே தலையாட்டவும் செய்யாதே. பெரியவருக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். "உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்டயே எல்லாத்தையும் சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?" என்று கேள். "அவன்கிட்டயே சொல்லும்மா, அவன் பாத்துப்பான்" என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். அதற்கும் மரியாதை உண்டு. ஆனால், "எனக்குத் தெரியும்மா, பையன்தான் பயப்படுறான்" என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு முடி கொட்டுவதைப் பார்க்கிறவரிடம் அல்சர் கதை எத்தனை நாள் நிற்கும்? அவருக்கு நிலத்தை எழுதி வைக்க வேண்டியிருக்கும். பேச்சு விட்டுப்போன தம்பியைப் பார்க்க வேண்டியிருக்கும். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பாக்கி இருக்கும். மறைத்தால் அதற்கான நாட்களெல்லாம் அவர் கையை விட்டுப் போய்விடும்.

கையெழுத்து விஷயமும் இப்படித்தான். டெல்லியில் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த பெண்ணுக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேஸ் ஷீட்டில் புருஷன் கையெழுத்து இருக்கிறது என்று நீ நிம்மதியாகிவிடாதே. கட்டிலில் படுத்திருக்கிறவளுக்குத் தன் உடம்பிலிருந்து எதை எடுக்கப் போகிறார்கள் என்று தெரியுமா? அவளிடமே கேள், அவள் பேசுகிற தமிழில் கேள்.

தெய்வ பயம் பற்றிக் கேட்டாய். திண்டிவனத்தில் ஐடா ஸ்கடருக்கு நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க அழைத்தார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். ஐடா அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த வழக்கத்தைத் திட்டிவிட்டு அவர் போய்விடவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் திறந்தார். அவருடைய மதம் அவரை உழைக்க வைத்தது. நோயாளிகளின் வழக்கத்துக்கு அவர் தன் படிப்பால் வழி கண்டார்.

இதைத்தான் நான் உனக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: உன் நம்பிக்கை உன்னை உழைக்க வைக்கட்டும்; நோயாளியின் உடம்பைப் பற்றிய முடிவில் அவருடைய நம்பிக்கைக்கே இடம் கொடு. ரம்ஜானில் சர்க்கரை நோயாளி நோன்பு இருப்பேன் என்றால் முகம் சுளிக்காதே. ஆபத்து இல்லையென்றால் மருந்து நேரத்தை மாற்றிப் பார். ஆபத்து என்றால் நோயாளிக்கு மார்க்கமே விலக்கு தந்திருப்பதை எடுத்துச் சொல். ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. அதை அறிய உரிமையுள்ளவரிடம் மறைக்காதே. யெகோவாவின் சாட்சி ஒருவர் தெளிவான மனதோடு ரத்தம் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. அவருடைய குழந்தைக்கும் வேண்டாம் என்றால் கதை வேறு. அந்தக் குழந்தைக்குப் பேச ஆள் இல்லை. உடனே சீனியரைக் கூப்பிடு.

குணம் என்பது பழகிப் பழகி வருவது. பரிசோதிக்கும் முன் ஸ்கிரீனை இழுத்து மூடு. "மூணாம் நம்பர் பெட்" என்று சொல்லாதே, பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அட்டெண்டர் யாருமில்லாமல் கிடக்கிறவரை ரவுண்ட்ஸில் முதலில் பார். நீதி என்று புத்தகத்தில் படித்ததற்கு வார்டில் அதுதான் அர்த்தம். டோஸ் தப்பாகத் தெரிந்தால் சீனியராக இருந்தாலும் வாய் திறந்து கேள். நைட் டியூட்டியில் கோபம் வரும். வந்தால் இரண்டு நிமிடம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா, நோயாளிமேல் காட்டாதே. சிஸ்டர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். ராத்திரி முழுக்க அந்த வலியைப் பார்த்தவர்கள் அவர்கள்.

முதல் மாதம் முடிந்ததும் எனக்கு எழுது. எத்தனை ஊசி போட்டாய், எத்தனை தையல் போட்டாய் என்பதை அப்பாவிடம் சொல்லிக்கொள். எனக்கு, நோயாளிகளிடம் நீ என்ன கேட்டாய், அவர்கள் என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு உன் முடிவில் எதை மாற்றினாய் என்று எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் அன்புடன்,
உன் அத்தை